'பாத்ரூமில் வழுக்கி விழுந்து பலி': விதியா? சதியா?

"குளியல் அறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி பரிதாப சாவு."

இந்தத் தலைப்பை நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

தினமும் போலீஸ் நிலையத்துக்குப் போவோம். ரைட்டர் நோட்டைப் புரட்டுவார். "பெரிசா ஒண்ணும் இல்லப்பா. ஒரு பாட்டி. பாத்ரூம் கேஸ்" என்பார். பெயர், வயது, தெரு. நாலு வரி முடிந்தது. பக்கத்திலேயே செயின் பறிப்புக்கு நாற்பது வரி ஓடும்.

சந்தேக மரணம் என்று வழக்கு போடுவார்கள். 2024 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு அது 174-வது பிரிவு. புதுச் சட்டத்தில் 194. பிரேத பரிசோதனை நடக்கும். "கால் தவறி விழுந்தார்" என்று எழுதிக் கட்டை மூடி விடுவார்கள்.

கொலை நடந்த வீடு என்றால் கைரேகை நிபுணர் வருகிறார். மோப்ப நாய் வருகிறது. எது எங்கே கிடந்தது என்று படம் வரைகிறார்கள். பாட்டி விழுந்த பாத்ரூமை யாராவது அளந்தது உண்டா? விழும்போது அவர் எதைப் பிடிக்கப் போனார்? எது கையோடு கழன்று வந்தது? யாரும் கேட்பது கிடையாது.

நானும் கேட்டது இல்லை. எங்கள் வீட்டிலேயே நடக்கிற வரைக்கும்.

துண்டு போடும் கம்பி

என் அம்மாவுக்கு முடக்குவாதம். ஒன்பது வருஷம் ஆகிறது. கை விரல் மூட்டு எல்லாம் வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது. முழங்காலும் மடங்காது. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் காலம் ஓடுகிறது.

ஒரு நாள் விடியற்காலை 5½ மணி. பாத்ரூமில் 'டம்' என்று சத்தம். ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள்.

"ஒண்ணும் இல்லடா... கம்பி கழண்டு வந்துடுச்சு" என்று குரல் மட்டும் கேட்டது.

கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அம்மா அந்தக் கதவு மேலேயே சாய்ந்து கிடக்கிறார். வேகமாகத் தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் தாழ்ப்பாளை நெம்பி, அங்குலம் அங்குலமாகத் தள்ளி உள்ளே போவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "இடுப்பு எலும்பு தப்பிச்சதே, கும்பிட்டுக்குங்க" என்றார் டாக்டர்.

கழன்று வந்த கம்பியை எடுத்துப் பார்த்தேன். துண்டு போடுவதற்காக மாட்டிய கம்பி. உள்ளே வெறும் குழல். இரண்டு பக்கமும் சின்ன ஸ்குரூ. சுவருக்குள் விரல் கடை நீளத்துக்குப் பிளாஸ்டிக் கட்டை. இதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இரண்டு வருஷமாகத் தினமும் எழுந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் அதில் துண்டுதான் காயப்போட்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதே இல்லை. காபி கொடுத்தால் "இப்ப வேணாம்டா" என்பார். வெயில் காலத்திலும் அப்படித்தான். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயம். உட்கார்ந்தால் எழ முடியுமா என்ற பயம். அதற்காகத் தாகத்தை அடக்கி இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது "தாகமே இல்லை" என்று சொல்கிறார்களா? ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

விடியற்காலை ஆபத்து

மூட்டு வலி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லி விடுகிறோம். அதில் பல வகை உண்டு. இரண்டு வகைதான் நம் தெருக்களில் அதிகம் தென்படுகிறது. வயசாக ஆக மூட்டு தேய்வது ஒன்று. முழங்காலைத்தான் முதலில் பிடிக்கும். இன்னொன்று முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே திரும்பி மூட்டைத் தாக்குவது. இது கிழவர் கிழவிக்கு மட்டும் வருவது அல்ல. 30, 40 வயதிலேயே வரும். ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது.

இரண்டிலும் ஒரு சங்கடம் பொது. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிப் போய்க் கிடக்கும். தேய்மானம் என்றால் அரை மணிக்குள் இளகிவிடும். முடக்குவாதம் என்றால் ஒரு மணிக்கு மேலும் இழுக்கும்.

பாத்ரூம் போவது எப்போது? அந்த நேரத்தில்தான். கை, கால் சொன்னபடி கேட்காத நேரத்தில், ஈரத்தரையில், அரை இருட்டில் தனியாகப் போகிறார்கள். எலும்பும் கெட்டியாக இருக்காது. வயசான பெண்களுக்கு எலும்பு தானாகவே பலம் இழக்கும். முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் மோசம். நாம் விழுந்தால் சிராய்ப்பு. அவர்கள் விழுந்தால் முறிவு.

கீழே விழுவதால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்குச் சொன்னது. விபத்துச் சாவுகளில் ரோடு விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹெல்மெட்டுக்கு மூலைக்கு மூலை நின்று பிடிக்கிறோம். பாத்ரூமுக்கு?

சம்பவ இடம்

சரி, போலீஸ் செய்யாத ஸ்பாட் விசாரணையை நாமே செய்வோம்.

முதலில் தரை. வீடு கட்டும்போது பளபள டைல்ஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போடுகிறோம். காய்ந்திருந்தால் கண்ணாடி. நனைந்தால் எண்ணெய்ச் சட்டி. சென்னையில் பாதி வீட்டில் போர் தண்ணி. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து தரையில் படியும். அந்தப் படிவு மேல் கால் வைத்தால் யாரும் தப்ப முடியாது. எண்ணெய்க் குளியல் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருத்தர் குளித்துவிட்டு வருவார். அடுத்தவர் விழுவார். கொத்தனார் வாட்டம் சரியாக விடாமல் மூலையில் தண்ணீர் தேங்கினால் அது தனிக் கதை.

வெளியே வாசலில் என்ன கிடக்கிறது? பழைய புடவை மடிப்பு. இல்லாவிட்டால் கோணிச் சாக்கு. ஈரக்காலைத் துடைக்கப் போட்டது. காலைத் தூக்கி வைக்க முடியாதவர் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். சாக்கு காலோடு வரும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க நிலைப்படியில் அரை அடிக்குத் திண்டு வேறு கட்டி வைத்திருக்கிறோம்.

உள்ளே இந்தியன் டாய்லெட். குத்துக்காலிட்டு உட்காருவது உடம்புக்கு நல்லது என்பார்கள். முழங்கால் நல்லாயிருந்தால் சரி. தேய்ந்த மூட்டை அந்த அளவுக்கு மடக்கினால், உட்காருவதே வேதனை. எழும்போது பிடிக்க என்ன இருக்கிறது? குழாய். குழாயைப் பிடித்து எழுந்து, குழாய் உடைந்து, தண்ணீர் பீறிட்டு அதிலேயே வழுக்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் குழாயின் திருகு இருக்கிறதே, அது இன்னொரு எதிரி. விரல் மடங்காதவர் அதை எப்படித் திருகுவார்? முந்தின ஆள் இறுக்கி மூடிவிட்டுப் போயிருப்பார். அம்மா இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துத் திருகுவார். அதாவது எதையும் பிடிக்காமல், ஈரத்தரையில், இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்பார்.

மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்த குடம், அண்டா, நீல டிரம் எல்லாம் போக மீதி இருக்கிற இடத்தில்தான் ஆள் நிற்க வேண்டும். மேலே மினுக் மினுக் என்று ஒரு பல்பு.

எனக்குப் புரிந்தது இதுதான். அம்மாவைத் தள்ளியது விதி அல்ல. தரை, சாக்கு, குழாய், கதவு, கம்பி என்று அஞ்சு பேர் கூட்டுச் சதி. அஞ்சையும் கொண்டு வந்து வைத்தது நாம்தான்.

கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம்

முதல் வேலை, கைப்பிடிக் கம்பி. ஆஸ்பத்திரிகளிலும் பெரிய ஓட்டல்களிலும் பார்த்திருப்பீர்கள். நல்ல கனமான எவர்சில்வர் கம்பி. ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாயில் இருந்து கிடைக்கிறது. 304 கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர் உப்புக்கு மட்டமான கம்பி துரு ஏறும்.

ஒன்றேகால், ஒன்றரை அங்குல மொத்தம் இருந்தால் கைக்குப் பிடிமானம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இடைவெளி போதும். ரொம்ப அகலமாக விட்டால் கை நழுவி முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். வழவழ கம்பியைவிடச் சொரசொரப்பு வெட்டிய கம்பி மேல்.

எந்த உயரத்தில் அடிப்பது? பிளம்பரைக் கேட்காதீர்கள். அவர் தன் உயரத்துக்கு அடித்துவிட்டுப் போவார். நோயாளியை உட்கார வையுங்கள். எழுந்திருக்கச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் இடம். டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, வாசல் தாண்டும் இடத்தில் ஒன்று. மூன்றும் முடியாது என்றால் டாய்லெட் பக்கத்துக் கம்பி முதலில்.

மாட்டுவதுதான் முக்கியம். பிளாஸ்டிக் கட்டை வைத்து ஸ்குரூ முடுக்குவது துண்டுக்குப் போதும். ஆளைத் தாங்காது. ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். டைல்ஸுக்குப் பின்னால் கெட்டிச் செங்கல் இருக்கிறதா, உள்ளே பொள்ளலான கல்லா என்று தட்டிப் பார்த்துத்தான் போட வேண்டும். பொள்ளல் கல் என்றால் அதற்கு வேறு போல்ட் இருக்கிறது. மாட்டி முடித்ததும் வீட்டிலேயே எடை அதிகமான ஆள் தொங்கிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் தொங்கினார். 95 கிலோ. அசையவில்லை.

ரப்பர் கிண்ணத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கம்பி ஒன்றும் விற்கிறார்கள். ஓட்டை போட வேண்டாம், சுலபம் என்பார்கள். உடம்பு எடையை அதை நம்பிக் கொடுக்காதீர்கள். எப்போது காற்றுப் பிடி விடும் என்று அதற்கே தெரியாது.

இந்தியன் டாய்லெட்டை இடித்துக் கமோடு வைக்க வசதி இல்லாதவர்கள் நம்மில் நிறைய. அதன் மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி கிடைக்கிறது. கால்களில் ரப்பர் குமிழ் இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கமோடு இருந்தும் எழ முடியவில்லை என்றால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். சாதாரண கமோடு 15, 16 அங்குலம். மூட்டு வலிக்காரருக்கு 17 முதல் 19 அங்குலம் இருந்தால் சுகம். மேலே வைத்து உயரம் கூட்டும் சீட்டு தனியாகவே வருகிறது.

குளிக்க முக்காலி, மணைக்கட்டை வேண்டாம். கை வைத்த நாற்காலி போடுங்கள், கால்களுக்கு ரப்பர் மாட்டி. பக்கெட்டையும் தரையில் வைக்காதீர்கள். ஒரு திண்டின் மேல் வைத்தால் குனிய வேண்டாம். பெரிய பக்கெட் நிறையத் தண்ணீர் 20 கிலோ இருக்கும். அதை நகர்த்துகிற வேலை அவர்களுக்குக் கூடாது. வெந்நீர் மூட்டுக்கு இதம்தான். ஆனால் அடுப்பில் காய்ச்சி, பலம் இல்லாத கையால் தூக்கிக்கொண்டு போய்க் காலில் கொட்டிக்கொள்வதற்கு, வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கலாம்.

திருகு குழாயைக் கழற்றிவிட்டு, டாக்டர்கள் முழங்கையால் தள்ளுவார்களே, அந்த மாதிரி நீளப் பிடி வைத்த குழாய் போடுங்கள். கால் சுற்றுத் திருப்பினால் தண்ணீர் வரும். விரலே வேண்டாம். எங்கள் வீட்டில் செய்த வேலைகளிலேயே அம்மா அதிகம் சந்தோஷப்பட்டது கம்பிக்கு அல்ல. இந்தக் குழாய்க்குத்தான்.

"ஓட்டை போடாதே!"

சொல்ல மறந்துவிட்டேன். இதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்குச் சுலபம். வாடகை வீடு?

வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, டைல்ஸ் கிராக் விட்டா யாரு தர்றது? நீங்க நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க. அந்த ஓட்டையை அடுத்து வர்றவன் பார்த்தா வாடகை குறைச்சுக் கேப்பான்" என்றார்.

"அம்மா கை உடைஞ்சிருக்கு சார்."

"அதுக்கு நான் என்னப்பா பண்றது? வயசானா விழத்தான் செய்வாங்க."

கெட்ட மனுஷர் அல்ல. மாவுக்கட்டு போட்ட அன்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர்தான். ஆனால் சுவரில் ஓட்டை என்றதும் முகம் மாறிவிட்டது. சென்னையில் முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் இப்படித்தான். ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகைக்கு விடும்போதே சொல்லி விடுகிறார்கள். காலண்டர் மாட்டும் ஆணிக்கும் உயிரைக் காக்கும் கம்பிக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரிவது இல்லை.

கடைசியில் "டைல்ஸ் உடைந்தால் அட்வான்சில் பிடித்துக்கொள்ளலாம், காலி செய்யும்போது கம்பியை விட்டுவிட்டுப் போகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார். டைல்ஸும் உடையவில்லை. அதற்கென்று தனி முனை இருக்கிறது. ஓட்டை போடும் இடத்தில் டேப் ஒட்டி, சுத்தியல் அடி இல்லாமல் மெதுவாக டிரில் போட்டால் டைல்ஸ் உடையாது. அவசரக்கார ஆளை மட்டும் கூப்பிடக் கூடாது.

2017-ல் வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து மூலம் ஒப்பந்தம் போடச் சொல்கிறது. புதிதாக வீடு பார்ப்பவர்கள் அந்த ஒப்பந்தத்திலேயே "குளியல் அறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த அனுமதி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு கேட்டால் கிடைக்கும். கொடுத்த பிறகு கேட்டால் கெஞ்ச வேண்டும்.

சாவி எங்கே?

வீட்டுக்குள் மட்டுமா? ஆபீஸ்களைப் பாருங்கள். மாடிக்கு ஒரே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும். அது பூட்டி இருக்கும். சாவி பெரிய அதிகாரி அறையில். முழங்கால் வலிக்கிற கிளார்க் அம்மா சாயங்காலம் வீடு போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அதிகாரி இரண்டு இரண்டு படியாக ஏறுவார்!

கல்யாண மண்டபங்கள் இன்னும் மோசம். ஸ்டேஜுக்கு லட்ச ரூபாய்ப் பூ. பாத்ரூம் பக்கம் ஒரு கைப்பிடி கிடையாது. "கல்யாணத்துக்கு நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆசை இல்லாமை காரணம் என்று நினைக்கிறீர்களா?

பொது இடங்களுக்கு விதிமுறை இல்லாமல் இல்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தது. கம்பி எப்படி இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு நெறிமுறையே வெளியிட்டது. "வழிகாட்டினால் மட்டும் போதாது, கட்டாயம் ஆக்க வேண்டும்" என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு கம்பி அடிக்க மனசு வரவில்லை என்றால் என்ன சொல்வது?

மாடிக் குடியிருப்பு கட்டி விற்கிற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் குதிரைச் சிலை வைக்கிறீர்கள். நீச்சல் குளம் வைக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு பாத்ரூமிலாவது சொரசொரப்பு டைல்ஸும், கெட்டிச் சுவரும், வெளிப்பக்கம் திறக்கிற கதவும் வைத்தால் என்ன குறைந்துவிடும்? வாங்குகிறவருக்கும் நாளைக்கு வயசாகும்.

அரசுக்கு ஒரு யோசனை

1978-லேயே சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் முதியோருக்கு என்று தனி சிகிச்சைப் பிரிவு வந்தது. நாட்டுக்கே முன்னோடி. 2024-ல் கிண்டியில் முதியோர்களுக்காக 200 படுக்கை ஆஸ்பத்திரியே திறந்தார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அங்கே எலும்பைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவது எங்கே? அதே பாத்ரூமுக்கு!

2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபி நிபுணர் போவார் என்று ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குள் வருகிறவர் பாத்ரூமையும் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்கட்டும். கம்பி எங்கே வேண்டும் என்று சுவரில் கோடு போட்டுக் கொடுக்கட்டும். வசதி இல்லாத வீடுகளுக்கு அந்த ஒரு கம்பியை அரசே கொடுக்கட்டும். ஒரு இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆகிற செலவில் எத்தனை வீட்டுக்குக் கம்பி போடலாம் என்று அதிகாரிகளே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தாழ்ப்பாள்

காசே இல்லாமல் இன்று ராத்திரியே செய்யக்கூடியதும் இருக்கிறது. வாசல் சாக்கை எடுத்து எறியுங்கள். சோப்புப் படிவைத் தேய்த்துக் கழுவுங்கள். (ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். விஷ வாயு கிளம்பும். அதுவும் எங்களுக்கு நாலு வரிச் செய்தி ஆகிவிடும்.) பல்பை மாற்றுங்கள். டிரம்மை வெளியே நகர்த்துங்கள்.

கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள். என் அம்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. "கதவைத் திறந்து போட்டுட்டு எப்படிடா குளிக்கிறது?" என்று சண்டை போட்டார். பிறகு உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியில் இருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற பூட்டு மாட்டினேன். உள்ளே போகும்போது துண்டைக் கதவு மேல் போட வேண்டும், அப்போது யாரும் திறக்கக் கூடாது என்று வீட்டில் பேச்சு. கதவைத் திருப்பி மாட்டவும் ஆசாரியிடம் சொல்லி இருக்கிறேன். இன்னும் வரவில்லை.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். பதறினால் அப்படித்தான் செய்யத் தோன்றும். முறிந்த எலும்பு நகர்ந்து இன்னும் கெடும். இடுப்பு வலிக்கிறது, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அசைக்கவே வேண்டாம். குளிர் ஏறாமல் போர்த்திவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். கதவு திறக்கவில்லையா? உடைக்கிறேன் என்று எட்டி உதைக்காதீர்கள். அவர் கதவுக்குப் பின்னாலேயே கிடக்கலாம். 101-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து பெயர்த்து எடுப்பார்கள்.